எங்க ஊர் ஏரி மதகும் 'வரலாறு' பொத்தானும்

ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கிற விஷயம் இது. இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்துட்டேன். ஒரு தப்பான தகவல் எப்படி உண்மையா மாறுதுன்னு எனக்கு அணு அணுவாத் தெரியும். ஏன்னா அந்தத் தப்பைப் பண்ணினதே நான் தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். வருஷம் 2008. தமிழ் விக்கிப்பீடியாவுல எங்க ஊரைப் பத்தி ரெண்டே வரியில ஒரு கட்டுரை இருந்துச்சு. நம்ம ஊருக்கு இவ்வளவு தானான்னு ரோஷம் வந்து 'தொகு' பொத்தானை அமுக்கினேன். ஏரியைப் பத்தி ஒரு பத்தி எழுதினேன். அதுல ஒரு வரி: "ஏரியின் பெரிய மதகு 1876ஆம் ஆண்டு கட்டப்பட்டது." எங்க தாத்தா அந்த மதகைத் தாண்டும்போதெல்லாம் "தாது வருசப் பஞ்சத்துல சனங்க கூழுக்கு வேலை செஞ்சு கட்டுனதுடா இது"ன்னு சொல்லுவார். தாது வருஷம்னா 1876. சான்று? எங்க தாத்தாவை விட என்ன பெரிய சான்று வேணும்!

2014ல ஏரியைத் தூர் வாரினாங்க. மதகைச் சுத்தி மண்டியிருந்த சீமைக் கருவேலத்தை வெட்டினப்போ, உள்ள ஒரு கல்லு தெரிஞ்சுது. அதுல வருஷம் செதுக்கியிருந்துச்சு. 1898. இருபத்திரெண்டு வருஷம் தள்ளி! தாத்தா பொய் சொல்லலை. பஞ்சத்துல கரையை உயர்த்தியிருப்பாங்க, மதகு பின்னாடி வந்திருக்கும். அவர் சொன்னது ஞாபகம். அதை நாலு இலக்க எண்ணாக்கி, ஒரு கலைக்களஞ்சியத்துல ஏத்தினது நான்.

சரி, நாம போட்டதை நாமே திருத்திடுவோம்னு 1898ன்னு மாத்தினேன். மறுநாள் பார்த்தா யாரோ ஒருத்தர் பழையபடி 1876 ஆக்கி வெச்சிருக்கார். காரணமும் எழுதியிருந்தார்: சான்றுள்ள தகவல், மாற்ற வேண்டாம். என்ன சான்றுன்னு பார்த்தேன். 2011ல எங்க ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போட்ட மலர். பக்க எண்ணோட குடுத்திருந்தார். தேடி எடுத்துப் பார்த்தா, அதுல என் வரி அப்படியே இருக்கு. கமா கூட மாறலை. மலர் போட்டவங்க விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியிருக்காங்க, விக்கிப்பீடியா இப்ப மலரைச் சான்று காட்டுது. என்ன கொடுமை சார் இது!

அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்றோ 2011லயே இந்தச் சுழலைப் படமா வரைஞ்சு, 'சைட்டோஜெனசிஸ்'னு ஒரு பேரும் வெச்சிருந்தார். சான்று பிறக்கிற விதம்னு வெச்சுக்கலாம். படத்துல சிரிப்பா இருந்துச்சு. நம்ம வீட்டு வாசல்ல நடந்தப்போ சிரிப்பு வரலை.

அப்பத்தான் கேள்வி வந்துச்சு. யார் வேணா எழுதலாம்னு திறந்து விட்ட ஒண்ணை எதை வெச்சு நம்புறது? எழுதினவன் யாருங்கறதை வெச்சா? அவன் படிப்பை வெச்சா? இந்தக் கேள்வியோட வரலாற்றைத் தேடிப் போனா, இணையம் பிறக்கிறதுக்கு நூறு வருஷத்துக்கு முந்தியே அது ஆரம்பிச்சிருக்கு.

*

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தெரியும் தானே? அதை நாலு பேராசிரியர்கள் அறையில உக்காந்து எழுதிடலை. 1857ல லண்டன் மொழியியல் சங்கத்துல தொடங்கின யோசனை அது. ஜேம்ஸ் மர்ரி ஆசிரியரானதும் 1879ல பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விட்டார். நீங்க படிக்கிற புத்தகத்துல ஒரு சொல் எந்தப் பொருள்ல வந்திருக்குன்னு பார்த்து, அந்த வாக்கியத்தை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி அனுப்புங்கன்னு. லட்சக்கணக்குல சீட்டு வந்து குவிஞ்சுது.

அப்படி அனுப்பினவங்கள்ல முக்கியமான ஒருத்தர் வில்லியம் மைனர். அமெரிக்க ராணுவத்துல மருத்துவரா இருந்தவர். 1872ல லண்டன்ல, மனநிலை பிறழ்ந்த நிலையில, வழியில போன ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்னுட்டார். பிராட்மூர் மனநலக் காப்பகத்துல அடைக்கப்பட்டார். அங்கிருந்து தான் வருஷக்கணக்கா சீட்டு எழுதி அனுப்பினார்.

யோசிச்சுப் பாருங்க. ஆளைப் பார்த்து நம்பணும்னா மைனரை நம்ப முடியுமா? ஆனா அவரோட சீட்டை நம்ப முடிஞ்சுது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த வாக்கியம்னு அதுல இருந்துச்சு. சந்தேகம்னா அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துக்கலாம். 1928ல அகராதி முடிஞ்சப்போ மர்ரியும் இல்லை, மைனரும் இல்லை. சீட்டுல இருந்த மேற்கோள்கள் நின்னுச்சு.

இப்ப 2000க்கு வருவோம். அந்த மார்ச் மாசம் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நியூபீடியான்னு ஒரு இலவசக் கலைக்களஞ்சியம் தொடங்கினாங்க. அங்க நம்பிக்கை ஆளை வெச்சு. துறை வல்லுநர் எழுதணும், மத்த வல்லுநர்கள் பார்க்கணும், மொத்தம் ஏழு படி. விளைவு? 2003ல மூடுறப்போ முழுசா முடிஞ்ச கட்டுரை சுமார் 25 தான்!

வார்ட் கன்னிங்காம் 1995லயே, யார் வேணா திருத்தக்கூடிய ஒரு தளத்தை உருவாக்கி வெச்சிருந்தார். ஹொனலுலு விமான நிலையத்துல ஓடின 'விக்கி விக்கி' பஸ்ஸை நினைச்சுத் தான் அதுக்குப் பேர் வெச்சார். ஹவாய் மொழியில 'விக்கி'ன்னா சீக்கிரம்னு அர்த்தம். அந்த முறையைக் கடன் வாங்கி, நியூபீடியாவுக்குப் பக்கவாத்தியமா 2001 ஜனவரி 15ல விக்கிப்பீடியாவை ஆரம்பிச்சாங்க. ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட 20,000 கட்டுரை. பக்கவாத்தியம் கச்சேரியைப் பிடிச்சிருச்சு.

*

எண்ணிக்கை சரி, நம்பிக்கை? முதல் பெரிய அடி 2005ல விழுந்துச்சு.

ஜான் சீகந்தாலர்னு அமெரிக்காவுல ஒரு மூத்த பத்திரிகையாளர். 1961ல அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிகிட்ட உதவியாளரா இருந்தவர். அதே வருஷம் மே மாசம், கருப்பினத்தவருக்குச் சம உரிமை கேட்டு பஸ்ஸுல கிளம்பின இளைஞர்கள் மான்ட்கோமரி நகரத்துல தாக்கப்பட்டப்போ, காப்பாத்தப் போய் மண்டையில அடி வாங்கி மயங்கி விழுந்தவர். ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டப்போ அவரோட சவப்பெட்டியைச் சுமந்தவங்கள்ல ஒருத்தர்.

2005 மே 26ல, இந்த மனுஷனைப் பத்தி விக்கிப்பீடியாவுல யாரோ பேர் சொல்லாம எழுதிட்டாங்க: ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி ரெண்டு பேர் கொலையிலயும் இவருக்கு நேரடித் தொடர்பு இருக்கும்னு கொஞ்ச காலம் சந்தேகிக்கப்பட்டதுன்னு. தோளில் சுமந்தவனையே கொலைகாரன்னு சொல்ற மாதிரி. அவர் கணக்குப்படி 132 நாள் அது அங்க இருந்துச்சு. 78 வயசு அப்ப அவருக்கு.

இதுல என்னை உலுக்கின விஷயம் வேற. எழுதின மூணு நாள் கழிச்சு ஒரு தன்னார்வலர் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கார். ஒரு சொல்லுல எழுத்துப்பிழை இருந்ததைத் திருத்தினார். போயிட்டார். கொலைப்பழி அப்படியே இருக்கு! கண்ணு பட்டுச்சு, ஆனா பார்க்கலை. நாம எத்தனை பக்கத்துல ஒற்றுப்பிழையைத் திருத்திட்டு நல்லது பண்ணிட்டோம்னு கிளம்பியிருக்கோம்?

நவம்பர் 29ல சீகந்தாலர் யுஎஸ்ஏ டுடே நாளிதழ்ல எழுதினப்புறம் ஊர் முழுக்கப் பேச்சாச்சு. எழுதின ஆள் கடைசியில அகப்பட்டார். வேலை பார்த்த இடத்துல விளையாட்டா எழுதினதாம். வேலையை விட்டுட்டார். சீகந்தாலர் வழக்குப் போடலை. அந்த ஆளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கோங்கன்னு அவரோட முதலாளிகிட்ட கேட்டுக்கிட்டார். பெரிய மனுஷன். அந்த டிசம்பர்ல ஆங்கில விக்கிப்பீடியா ரெண்டு முடிவு எடுத்துச்சு. கணக்கு இல்லாதவங்க புதுப் பக்கம் தொடங்க முடியாது. உயிரோட இருக்கிறவங்களைப் பத்தி எழுத தனியாக் கடுமையான விதி. இன்னிக்கு ஒரு நடிகரைப் பத்தி சான்றில்லாம வம்பு எழுதினா உடனே தூக்குறாங்களே, அந்த விதியோட வேர் இங்க இருக்கு.

அதே டிசம்பர்ல நேச்சர் அறிவியல் இதழ் ஒரு சோதனை பண்ணி வெளியிட்டுச்சு. 42 அறிவியல் தலைப்பு. விக்கிப்பீடியாவுலயும் பிரிட்டானிக்காவுலயும் இருந்த கட்டுரைகளை, எது எங்க இருந்து வந்ததுன்னு சொல்லாம துறை வல்லுநர்கள்கிட்ட குடுத்தாங்க. விக்கிப்பீடியாவுல 162 பிழை, பிரிட்டானிக்காவுல 123. பெரிய பிழை ரெண்டுலயும் நாலு நாலு. பிரிட்டானிக்காவுக்குக் கோபம். சோதனையே தப்புன்னு 2006 மார்ச்சுல நீளமா மறுப்பு வெளியிட்டாங்க. நேச்சர் பின்வாங்கலை.

நிறையப் பேர் இதை "விக்கி ஜெயிச்சிருச்சு"ன்னு சொல்றாங்க. 162 எப்படிங்க 123ஐ ஜெயிக்கும்? எனக்குப் பெரிசாப் பட்டது அடுத்து நடந்தது. தன்னார்வலர்கள் அந்த 162ஐயும் பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணாத் திருத்த ஆரம்பிச்சு, சில வாரத்துல முடிச்சாங்க. எது பிழை, யார் எப்பத் திருத்தினாங்க, எல்லாம் இன்னிக்கும் 'வரலாறு' பொத்தானை அமுக்கினா கிடைக்கும்.

2007ல இன்னொரு அடி. நியூயார்க்கர் இதழ் 2006ல வெளியிட்ட ஒரு கட்டுரையில, விக்கிப்பீடியாவுல முக்கியப் பொறுப்புல இருந்த ஒருத்தரைப் பத்தி எழுதியிருந்தாங்க. இறையியல் பேராசிரியர், முனைவர் பட்டம் வாங்கினவர்னு. கடைசியில பார்த்தா 24 வயசுப் பையன், பட்டமே கிடையாது. விவாதத்துல எல்லாம் தன் படிப்பைச் சொல்லி வாதாடியிருக்கார். மார்ச்சுல பொறுப்பை விட்டுட்டுப் போயிட்டார். இவரையும் மைனரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒருத்தர் கொலை செஞ்சு அடைபட்டவர், ஆனா சீட்டுல பக்க எண் இருந்துச்சு. இன்னொருத்தர் கிட்ட பட்டம் இருந்துச்சு, அதுவும் பொய்.

*

நம்ம பக்கம் வருவோம். தமிழ்ல கலைக்களஞ்சிய முயற்சி புதுசு இல்லை. ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஆளாத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910ல வந்துச்சு. பெரியசாமித் தூரனை ஆசிரியராக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் போட்ட கலைக்களஞ்சியம் 1954ல தொடங்கி 1968 வரைக்கும் பத்துத் தொகுதி. ரெண்டுமே மலைப்பான உழைப்பு. ஆனா அச்சுல ஒரு தப்பு ஏறிட்டா அது அடுத்த பதிப்பு வரைக்கும் அங்கேயே தான். அடுத்த பதிப்பு வந்தா!

2003 செப்டம்பர் 30ல தமிழ் விக்கிப்பீடியா தொடங்குச்சு. எழுத்துரு பிரச்சினை, கட்டம் கட்டமாத் தெரியறது, இ-கலப்பையை நிறுவறதுன்னு எல்லாரும் முட்டி மோதிக்கிட்டிருந்த காலம். யாழ்ப்பாணத்துல பிறந்து, அமீரகத்துல வேலை பார்த்துக்கிட்டிருந்த இ. மயூரநாதன் அப்பத்துல இருந்து ஆயிரக்கணக்கான கட்டுரை எழுதினார். ஒரு கூலியும் கிடையாது. பின்னால வந்தவங்க கூடிப் பேசற பக்கத்துக்கு 'ஆலமரத்தடி'ன்னு பேர். ஆலமரத்தடி பஞ்சாயத்துன்னா சண்டை இல்லாம இருக்குமா? இருந்துச்சு. ஆனா எல்லாச் சண்டையும் எழுத்துல இருக்கு, யார் வேணா படிக்கலாம்.

அந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு சோதனை 2009ல வந்துச்சு. கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, கணினிக் கருவி உதவியோட ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல மொழி விக்கிப்பீடியாவுல ஏத்துச்சு. கட்டுரை எண்ணிக்கை ஏறுது, அளவு ஏறுது. சந்தோஷப்பட வேண்டியது தானே? ஆனா தமிழ் நடை தடுக்குது, பிழை இருக்கு, கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை. மொழிபெயர்த்தவர் வேலையை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். தமிழ் விக்கிப்பீடியர்கள் இதைக் கேள்வி கேட்டாங்க. 2010ல போலந்துல நடந்த விக்கிமேனியா மாநாட்டுலயே எடுத்து வெச்சாங்க. சும்மா வந்ததை வேண்டாம்னு சொல்ல ஒரு தெம்பு வேணும். 2017ல தமிழ்க் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டினப்போ எனக்கு அந்தத் தெம்பு தான் ஞாபகம் வந்துச்சு.

அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லைன்னா என்ன ஆகும்? 2020 ஆகஸ்ட்ல ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவுல தெரிஞ்சுது. ஸ்காட்லாந்துல பேசற, ஆங்கிலத்துக்குச் சொந்தக்கார மொழி அது. அந்த மொழியே தெரியாத ஒரு அமெரிக்கப் பையன், பன்னிரண்டு வயசுல ஆரம்பிச்சு, வருஷக்கணக்கா அதுல ஆயிரக்கணக்கான கட்டுரை எழுதியிருக்கான். ஆங்கில வாக்கியத்தை எடுத்து, அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாத்தி வெச்சிருக்கான். கெட்ட எண்ணம் இல்லை, ஆர்வக்கோளாறு. ஆனா "ஸ்காட்ஸ்னா இப்படித் தான் இருக்கும் போல"ன்னு உலகத்துக்கு ஒரு போலி மொழியைக் காட்டியாச்சு.

அத்தனை வருஷமும் 'வரலாறு' பொத்தான் அங்க இருந்துச்சு. ஒவ்வொரு கட்டுரையையும் யார் எழுதினா, எந்தத் தேதி, எல்லாம் திறந்து கிடந்துச்சு. அமுக்கிப் பார்க்க ஆள் இல்லை. அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தாங்க. எனக்குத் திட்டத் தோணலை. 1876ன்னு எழுதின கை என் கை.

*

ஏரிக்கே வர்றேன். கல்லைப் படம் எடுத்து ஏத்தினேன். கட்டுரையோட உரையாடல் பக்கத்துல எழுதினேன்: "இந்த 1876ஐ 2008ல் எழுதியவன் நானே. சான்றில்லாமல் எழுதினேன். வரலாற்றுப் பக்கத்தில் தேதியைப் பாருங்கள். நீங்கள் காட்டும் மலர் 2011. என் வரியைத் தான் அவர்கள் எடுத்திருக்கிறார்கள்." எழுதும்போது வெக்கமா இருந்துச்சு. ஆனா வேற வழியில்லை, என் தப்புக்கு நானே சாட்சி. மறுபடி மறுபடி மாத்திக்கிட்டிருந்தவர் தேதியைப் பார்த்தார். "ஏற்றுக்கொள்கிறேன், நன்றி"ன்னு எழுதிட்டு அவரே 1898 ஆக்கிட்டார். முகம் தெரியாத அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சான்று கேட்டது அவர், சான்றில்லாம எழுதினது நான்.

ஊர்ல தான் கஷ்டமாப் போச்சு. மலர் போட்ட பெரியவரைப் பார்த்துச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்லயே போட்டிருந்துச்சே தம்பி!"

"அதைப் போட்டது நான் தாங்க ஐயா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீ படிச்ச புள்ள, தப்பாவா போட்டிருப்ப?"ன்னார். என்ன பதில் சொல்றது? கூட்டிட்டுப் போய் கல்லைக் காட்டினேன். விரலால தடவித் தடவிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு 2023ல மறுபடி கும்பாபிஷேகம். புது மலர். ஆசையாப் புரட்டினேன். போட்டிருந்தாங்க: "மதகு 1876ல் கட்டப்பட்டது. 1898 என்றும் கூறுவர்."

கல்லுல வெட்டினது 'கூறுவர்' ஆயிடுச்சு. நான் அள்ளி விட்டது உண்மையா நிக்குது. 2011 மலர் எங்க ஊர்ல எத்தனை வீட்டுப் பூஜை அறையில இருக்கோ, அத்தனையிலயும் என் 1876 இருக்கு. அதுக்கெல்லாம் 'தொகு' பொத்தான் கிடையாது.

இப்பல்லாம் "விக்கிப்பீடியாவை நம்பலாமா?"ன்னு யாராவது கேட்டா நான் ஆமாம், இல்லைன்னு சொல்றதில்லை. மூணு பார்க்கச் சொல்றேன். அந்த வரிக்குச் சான்று இருக்கா? அந்தச் சான்று அந்த வரியை விட மூத்ததா? வரலாற்றுப் பக்கத்துல எத்தனை பேர் கை பட்டிருக்கு? அஞ்சு நிமிஷ வேலை. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம், உங்க ஊர், உங்க தொழில், உங்க வயல்ல போடற நெல்லு, அதைப் பத்தின கட்டுரையை இன்னிக்குத் திறந்து பாருங்க. ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திட்டு வந்துடாதீங்க. என்ன சொல்லியிருக்குன்னு படிங்க. தப்புன்னா மாத்துங்க, ஆதாரத்தோட.

டிஸ்கி: தாத்தா சொன்ன பஞ்சக் கதையை நான் விட்டுடலை. மாவட்ட ஆவணங்கள்ல கரை உயர்த்தின குறிப்பு ஏதாவது கிடைக்குதான்னு தேடிக்கிட்டிருக்கேன். கிடைச்சா பக்க எண்ணோட சேர்ப்பேன். கிடைக்கலைன்னா அது எங்க வீட்டுக்குள்ள மட்டும் இருக்கட்டும்.